லேத்துக்குக் கேட்ட பூ

என் தாய்மாமன் ஒரு பொய்யர்.

எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில், கோயில் பூசாரி முன்னால், ரிக் முதலாளி முன்னால், வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் முன்னால் நின்று கூசாமல் பொய் சொன்னவர். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதவர். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நானும் என் வீட்டுக்காரரும் எருமப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறோம். கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு "தானா நின்னுபோச்சுங்க" என்பவர்களிடம், "தானா நிக்கலீங்க, தண்ணியில்லாத கெணத்துல ஓட்டிப்போட்டீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகியவள். இதையும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. திருச்செங்கோட்டிலிருந்து ஜேடர்பாளையம் போகும் வழியில் எங்கள் ஊர். அப்பா ரிக்கில் வேலை பார்த்தார். ரிக் என்றால் போர் போடும் வண்டி. எங்கள் பக்கத்து ரிக்குகள் எங்கள் பக்கத்தில் நிற்பதே இல்லை. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய்விடும். ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டப் போனவர்கள் வீட்டில் யார் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டால், அம்மாக்கள்தான்.

அப்பா பொங்கலுக்கு ஒரு தடவை வருவார், கோயில் நோம்பிக்கு ஒரு தடவை வருவார். அப்படி ஒரு நோம்பிக்கு வந்தபோது நான் மட்டும் வீட்டில் இருந்தேன். வாசலில் தாடியோடு ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். "வாங்க, உக்காருங்க. அம்மா தண்ணிக்குப் போயிருக்குது" என்றேன். அவரும் விருந்தாளி மாதிரியே உட்கார்ந்து நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அம்மா குடத்தோடு வந்து விஷயத்தைக் கேட்டு அப்படிச் சிரித்தாள். குடத்தை இறக்கி வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இனி நீங்க ரிக்குக்குப் போவேண்டாம்" என்றாள்.

அதிலிருந்துதான் லேத்துப் பேச்சு ஆரம்பமானது. அப்பா கல்யாணத்துக்கு முன்பு சேலத்தில் இரும்பு கடையும் ஒரு லேத்துப் பட்டறையில் இருந்தவர். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்டு ஒரு லேத்தை இறக்கிவிட்டால், மோட்டார் ஷாஃப்ட், விசைத்தறிச் சாமான், ரிக் ராடுக்கு மரை என்று கடைந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாம். அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. அதை அடுப்படியில் நின்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்: "வார மிசினு நல்லதா அமையோணும் சாமி. நொண்டி மிசினா வந்து சேந்துதுன்னா வேலை நிக்காது. மறுக்காவும் ரிக்குத்தான்."

எனக்கு மற்றது எதுவும் புரியவில்லை. லேத்து நல்லதாக இருந்தால் அப்பா இருப்பார், நொண்டியாக இருந்தால் போய்விடுவார். இது போதுமே.

ரிக் முதலாளிக்கு விஷயம் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக்கி எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அது பொய். அவரே வீடு தேடி வந்தார்.

"ஏப்பா, வெளிய எதுக்குத் தேடறே? நம்ம கொட்டாய்ல எங்கய்யன் லேத்து சும்மாதான கெடக்குது. வெளியாளுக்குக் குடுக்க மனசு வர்ல. நீ எடுத்துக்க. ராசியான மிசினு."

அப்பா "ஆகட்டுங்க, வந்து பாக்கறனுங்க" என்றார். அப்பாவும் மாமாவும் போனார்கள். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு நானும் போனேன். மாமா அம்மாவின் தம்பி. முதலாளியின் ரிக்குக்கு ராடு ஏற்றிப் போகும் லாரியில் டிரைவர். சோம்பேறி என்று பெயர் எடுத்தவர், வாய் மட்டும் ஓயாது.

அந்த லேத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. எட்டடி நீளம். புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேலே சுவரில் முதலாளியின் அப்பா படம். படத்துக்கு ஒரு மாலை, லேத்துக்கு ஒரு மாலை. அப்பா அதை ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொட்டார். டூலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகருமே, கேரேஜ், அதை, இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பூட்டை லேசாக இறுக்கி, கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகோடிக்குத் தள்ளினார். பாதி தூரம் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. அதற்குமேல் இறுகி நின்றுவிட்டது. அப்பா திரும்பக் கொண்டுவந்து மறுபடி தள்ளினார். மறுபடி அதே இடத்தில் நின்றது. கேரேஜ் ஓடும் தடமான பெட்டின் ஓரத்தை நகத்தால் தடவினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்றார்.

வழியில் மாமா கேட்டார். "ஏன் மச்சான் மொகஞ் செத்துப்போச்சு? பச்சைப் பெயிண்ட்டு பளபளன்னுதான இருக்குது?"

"பெயிண்ட்டா மாப்ளே இரும்ப வெட்டும்? சக்குக்கிட்ட பெட்டு பூராத் தேஞ்சுபோச்சு. இதுல கடைஞ்சா ஒரு மொனை பெருசா வரும், ஒரு மொனை சின்னதா வரும். ஒரு ஷாஃப்ட்டும் பேரிங்ல ஒழுங்கா ஒக்காராது."

"அப்ப வேண்டாம்னு சொல்லீருங்க."

"எந்த வாயால சொல்றது? அவங்கய்யன் போட்டோவுக்குக் கீழ வெச்சு மால போட்டிருக்காங்க. உங்கய்யன் மிசினு நொண்டின்னு சொல்லச் சொல்றியா?"

அந்த வாரமே சேலத்துக்குப் போனோம். பனமரத்துப்பட்டி ஏரிக்கு இந்தப் பக்கம் ஒருவர் பட்டறையை மூடிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சின்ன லேத்து. நாலரை அடி. பார்க்கச் சகிக்காது. மேலெல்லாம் கருப்புக் கிரீஸ், ஒரு பக்கம் துரு, கைப்பிடி ஒன்று உடைந்து அதற்குப் பதில் மரக்கட்டை செருகியிருந்தது. அப்பா வேட்டி முனையால் பெட்டில் கொஞ்சம் இடத்தைத் துடைத்தார். உள்ளே சின்னச் சின்னப் பிறை மாதிரி கோடுகள், கோலம் போட்ட மாதிரி தெரிந்தன. அதைப் பார்த்ததும் அப்பா முகம் மாறியது. "ஸ்கிராப்பர் போட்ட அடையாளம் இன்னும் அழியல மாப்ளே, பெட்டு தேயவே இல்ல" என்றார். கேரேஜைத் தள்ளினார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மாதிரி போனது. சக்கில் ஒரு கம்பியைக் கட்டி, லேத்தைப் போட்டு, ஒரு பூச்சு கடைந்து, இரண்டு முனையையும் அளந்தார். நான் கீழே விழுந்த சுருள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அளந்து முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுவரை அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் விருந்தாளிச் சிரிப்பு.

எனக்கு மட்டும் பச்சை லேத்துதான் வேண்டும் போலிருந்தது. அழுக்கு லேத்து எப்படி நல்ல லேத்தாக இருக்கும்?

மறுநாள் முதலாளி வந்துவிட்டார். "கிரேன் வண்டி எப்ப அனுப்பட்டும்?" என்றார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா காப்பித் தம்ளரோடு நின்றாள். மாமாதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங் மொதலாளி, மச்சான் சேலத்துலயும் ஒன்னு பாத்து வெச்சிருக்காருங்க. ரெண்டுல எதுன்னு கருப்பணார் கோயில்ல பூ கேட்டுட்டுத்தான் செய்யோணும்ங்கறாருங்க."

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. அப்பாவே நிமிர்ந்து பார்த்தார். ஆனால் முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "அதுதான் மொற. போர் போடறதுக்கே பூ கேக்காம நான் வண்டிய நகத்தறதில்ல. நம்ம மிசினுக்கு வெள்ளை வெச்சுக்கலாம். அதுக்கு செவப்பு."

எங்கள் பக்கம் பூ கேட்பது எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். சாமி காலடியில் வைத்துக் கலைத்துவிட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். குழந்தை எடுத்ததுதான் சாமி வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. ஒரு காரியத்துக்கு இரண்டாம் தடவை கேட்கவும் கூடாது. பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, நோம்பி சாட்டுவது எல்லாம் இப்படித்தான். லேத்துக்குப் பூ கேட்டது அதுவரை யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை போனோம். விவரம் தெரியாத குழந்தை நான்தான். பூசாரி கை நிறைய வேலையாக இருந்தார். "பொட்டலத்த நீங்களே கட்டிக் கொண்டாங்கப்பா, கோயலுக்குப் பொறத்தால ரெண்டு அரளியும் இருக்குது" என்றார். மாமா போனார். அப்பா கால் கழுவப் பின்பக்கம் பைப்புக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மாமா வாழையிலையில் மடித்து நார் சுற்றிய இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா ஈரக் காலோடு வந்து நின்றார்.

"கும்புட்டுக்கிட்டு ஒன்ன எடு அம்முணி" என்றார் பூசாரி.

நான் கருப்பணாரிடம் பச்சை லேத்து என்றுதான் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி முகமும் வாடிப்போனது. ஆனாலும் அவர்தான் என் தலையைத் தடவினார். "அழுவாத கண்ணு. கருப்பன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. சேலத்திலிருந்து சின்ன லேத்தைக் கொண்டுவர அவருடைய கிரேன் வண்டியையே அனுப்பினார். அதை ஓட்டிக்கொண்டு வந்தவர் மாமா.

கோயிலை விட்டு வரும்போது நான் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் சட்டைப் பைக்குள் ஏதோ குளிர்ச்சியாக இருந்தது. கையை விட்டு எடுத்தேன். ஒரு வெள்ளரளி, கசங்கியிருந்தது. அப்பா எனக்காகத்தான் பறித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து அழுகையை நிறுத்தினேன். தலையில் செருகிக்கொண்டேன். அரளியைத் தலையில் வைக்கக் கூடாது என்று அம்மா வீட்டில் பிடுங்கிப் போட்டாள். அதோடு அதை மறந்துவிட்டேன்.

லேத்து வந்தது. அப்பா அதை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். கழுவக் கழுவ உள்ளே வேறு லேத்து இருந்தது. வேலை வர ஆரம்பித்தது. அப்பா மதியம் சாப்பிட வீட்டுக்குள் வருவதை நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மற்ற பிள்ளைகளுக்கு அதில் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

வினை வாழையிலையில் இருந்தது. காகிதத்தில் மடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பூசாரி அமாவாசைக்குச் சாமி மேடையைக் கூட்டியபோது, காய்ந்த இலை சுருண்டு, எடுக்காத பொட்டலம் தானாகவே வாயைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறது. உள்ளேயும் சிவப்பு.

பூசாரி அதை அப்படியே கையில் ஏந்திக்கொண்டு முதலாளியிடம் போனார். இருவரும் எங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். பின்னாலேயே ஊரும் வந்தது. அப்பா லேத்தை நிறுத்தினார். மாமா அப்போதுதான் லாரியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்திருந்தார்.

பூசாரி இலையை நீட்டினார். "ரெண்டும் செவப்பு. யாரு பண்ணுன வேல இது?"

முதலாளி யாரையும் பார்க்கவில்லை. லேத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கய்யன் மிசினு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமப்பா. எதுக்கு சாமிய இழுத்தீங்க?" என்றார். குரல் உயரவே இல்லை. அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். "நான்தானுங்க" என்றார்.

"நீ எதுக்குடா பண்ணுனே?"

"பெரிய மிசினு வந்துதுன்னா ஒத்தாசைக்கு வாடா வாடான்னு மச்சான் என்னையக் கூப்புட்டுட்டே இருப்பாருங்க. சின்னதுன்னா அவரே ஒத்தைல ஓட்டிக்குவாரு. அதாங்க."

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். உடனே எல்லோரும் நம்பிவிட்டார்கள். நம்புவதற்குத் தோதான பொய். அவர் சோம்பேறி என்பது ஊரறிந்த விஷயம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கேரேஜின் கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அந்தப் பக்கம் சுற்றினார். பிறகு இந்தப் பக்கம் சுற்றினார். சக்கில் எதுவும் கட்டியிருக்கவில்லை. மாமா மேல் அத்தனை கோபம், அதனால்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானும் அன்றிலிருந்து மாமாவோடு பேசவில்லை. பச்சை லேத்தைக் கெடுத்தவர் அவர்தானே.

தீர்ப்பு அங்கேயே ஆனது. சாமியை ஏமாற்றியவன் கைக்குத் திருநீறு கிடையாது என்றார் பூசாரி. என் வண்டியில் ஏற வேண்டாம் என்றார் முதலாளி. மாமா லாரிச் சாவியை அவர் காலடியில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். பிறகு நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்கு முட்டை வேன் ஓட்டினார். இன்றுவரை ஓட்டுகிறார். ஊரில் அவருக்கு "ரெட்டச்செவப்பு" என்று பெயர் வந்தது. டீக்கடையில் உட்கார்ந்தால், "என்ன ரெட்டச்செவப்பு, பிரேக் லைட்டு எரியுதா?" என்பார்கள். "எரியுதுங்க, ஒரசாமத் தள்ளி வாங்க" என்பார் அவர். சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

போன தை மாதம் என் மகளுக்கு அதே கோயிலில் காது குத்தினோம். எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அதனால் என் மாமாவையே மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். காது குத்தி முடித்துத் திருநீற்றுத் தட்டு வந்தது. பழைய பூசாரி போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது அவர் மகன். மகனும் மாமாவைத் தாண்டிப் போனான். மடியில் இருந்த குழந்தைக்குப் பூசினான். மடிக்குச் சொந்தக்காரருக்கு இல்லை.

"தாத்தாவுக்கு ஏன் வெக்கல?" என்று என் மகள் காது வலியையும் மறந்து கேட்டாள்.

"தாத்தாவுக்கு நெத்தி சின்னது சாமி. எடம் பத்தாது" என்றார் மாமா.

அவள் மடியிலிருந்து இறங்கி, தட்டிலிருந்து ஒரு வெள்ளரளியை எடுத்துக்கொண்டு போய் என் அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள். "அப்புச்சிக்குப் பூ" என்றாள். அப்பா தேள் விழுந்தவர் போல அதை எடுத்துத் தூர வீசினார். குழந்தை பயந்து அழுதது. மாமா குனிந்து தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான், அத்தனை வருடம் கழித்து, அந்தக் குளிர்ச்சி கையில் தெரிந்தது.

மாமாவிடம் நேராகவே கேட்டேன். முட்டை அட்டைகளை இறக்கிக்கொண்டே, "உனக்கென்ன தெரியும் அம்முணி, நீ அன்னிக்குப் பல்லு விழுந்த புள்ள. நான்தான் கட்டுனேன்" என்றார். இரண்டாம் தடவையும் பொய். அப்பாவிடம் கேட்டேன். என்னைப் பார்த்தார். லேத்தைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்பா, நீங்கள் இரண்டு சிவப்பு வைத்ததை நான் குறை சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் இரண்டு சிவப்புத்தான் வைத்திருப்பேன். அந்தச் சின்ன லேத்து இல்லையென்றால் நான் இன்றைக்கும் உங்களை "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன். அடுத்தவர் அப்பாவின் பெயரை நோகடிக்காமல் இருக்கத்தான் அதைச் செய்தீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் பொய்யே பேசாதவர் என்ற பெயரோடு நீங்கள் கொட்டகையில் நின்றீர்கள். கெடுவதற்கு ஏற்கெனவே பாதி கெட்ட பெயர் ஒன்று பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதைச் செலவழித்துவிட்டீர்கள். அவர் கொடுத்தார் என்பதால் நீங்கள் வைத்துக்கொள்ளலாமா?

வருகிற நோம்பிக்கு ஊர் கூடும். முதலாளிக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஆனால் காது கேட்கும், அவரும் வருவார். திருநீற்றுத் தட்டு மாமாவைத் தாண்டும்போது நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். பூசாரிக்குச் சொல்லுங்கள், முதலாளிக்குச் சொல்லுங்கள், பிரேக் லைட்டு என்று சிரிக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த இரண்டு பொட்டலத்தையும் கட்டியது யார்? நான் உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேனே, அந்த வெள்ளைப் பூ, அது எந்தப் பொட்டலத்துப் பூ? ஊர் கேட்கச் சொல்லுங்கள்.